மூலை வெட்டிய சிவப்புத் துணி

தையலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஊசி கோர்க்க நான் சொல்லித் தரப் போவதில்லை. அதற்குக் கைபேசியில் ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. அவற்றில் வருகிறவர்கள் என்னைவிடப் பொறுமைசாலிகள். சட்டைக் கை பொருத்துகிற கைக்குழி வெட்டுவதும் மடிப்பு வைப்பதும் பழகப் பழக வந்துவிடும். பழகினாலும் லேசில் வராத சில காரியங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எழுதித் தரும்படிதான் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். "றீற்றாக்கா பென்சன் எடுத்தும் வாய் பென்சன் எடுக்கேல்லை" என்று உங்களில் யாரோ சொன்னதும் என் காதுக்கு வந்துவிட்டது. பாரிசில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில் எது யார் காதுக்கு வராமல் இருக்கிறது! சொன்னவள் இதை இரண்டு தரம் வாசிக்கட்டும்.

ஒபர்வில்லியேயில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே அத்தெலியே, அதே தையற்கூடம்தான். மொத்த வியாபாரிகளின் களஞ்சியங்களுக்குப் பின்னால், ஏறும்போது மூச்சு வாங்குகிற அதே படிகள்தான். அன்றும் இதே வேலைதான் செய்தோம்: நாடகக்காரருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நடனக் குழுக்களுக்கும் பழைய காலத்து உடுப்புத் தைப்பது. ராசா, ராணி, சமையற்காரி, தூக்குத் தண்டனைக் கைதி என்று எல்லோரும் எங்கள் கையால்தான் உடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். எங்கள் பத்ரோன், அதாவது முதலாளி, ஒரு பிரெஞ்சுக்காரி. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நெட்டையான மனுசி, குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நடிகருக்குக் கோட்டுத் தைத்தோம். போட்டுப் பார்த்துவிட்டு "அருமை, அருமை" என்றார். நான் பூரிப்போடு என் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு பத்ரோன் சொன்னார்: "றீற்றா, அக்குளைப் பிரித்து இரண்டு விரல் கூட விடு. கையைத் தூக்கும்போது அவர் கண் சுருங்கியது." அவர் மேடையில் வாள் தூக்க வேண்டியவர். தூக்கியிருந்தால் கோட்டு இரண்டாகப் போயிருக்கும். அன்று பத்ரோன் சொன்னதை நான் மறக்கவில்லை. "போட்டுப் பார்க்கிற நேரத்தில் உடுப்பைப் பார்க்காதே, கண்ணாடியில் முகத்தைப் பார். வாய் மரியாதைக்குப் பேசும்." இந்தப் பேச்சு பிறகு எனக்கு எங்கே உதவியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு பனிக்காலக் கடைசியில் மதாம் கொர்னேலியா எங்கள் படிகளில் ஏறி வந்தார். ஒல்லாந்தின் வடக்கே ஒரு தீவில் பிறந்து, கலியாணம் கட்டிப் பாரிசுக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவர். குளியல் துவாயில் சுற்றிய ஒரு படச்சட்டத்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு வந்தார். பாரிசைச் சுற்றியிருக்கிற ஒல்லாந்தர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் கூடி ஆடுவார்களாம். அந்த ஆட்டத்தில் முன்னுக்கு நிற்கிற சோடி இவரும் இவருடைய கணவரும். இந்த முறை பழைய உடுப்பு இற்றுப்போனதால் புதிதாகத் தைக்க வேண்டும், அச்சுப் படத்தில் இருப்பதுபோல அப்படியே வேண்டும் என்றார்.

படத்தை மேசையில் வைத்ததும் நாங்கள் எல்லோரும் மெஷினை விட்டு எழுந்து வந்துவிட்டோம். இருநூறு வருடத்துக்கு முந்தைய படம். செப்புத் தகட்டில் கோடு கீறி, தாளில் அச்சடித்து, பிறகு கையால் நிறம் தீட்டியிருந்தார்கள். அந்தத் தீவைச் சேர்ந்த கணவனும் மனைவியும் கைகோர்த்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள். அவளுக்கு உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சிவப்புச் சட்டை, மடிப்பு மடிப்பாய்க் கறுப்புப் பாவாடை, அதன் விளிம்புக்குக் கீழே எட்டிப் பார்க்கிற கோடு போட்ட உள்பாவாடை. கழுத்தில் நீலக் கட்டம் போட்ட துண்டு. தலையில் வெள்ளைத் தொப்பி, அதன் இரண்டு பக்கமும் காதோரமாகப் பொன் தகடு. அவனுக்குக் கறுப்புக் குட்டைச் சட்டை, முழங்காலில் வந்து நிற்கிற அகலக் காற்சட்டை, வயிற்றுக்குக் குறுக்கே வெள்ளிப் பொத்தான்கள், வாயில் புகைக்கிற நீளச் சுங்கான்.

"யாழ்ப்பாணத்திலை கோட்டை கட்டி இருந்தவையின்ரை ஆக்கள்," என்றாள் சுகந்தி. எங்களில் வாய்க்காரி அவள். "அவைக்கு இப்ப நாங்கள் சட்டை தைக்கிறம். பாத்தியளே காலத்தை!"

செல்வராணி மட்டும் சிரிக்காமல் படத்தின் மேல் குனிந்திருந்தாள். துணி வெட்டுவதில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. ஓல்னேப் புறநகரிலிருந்து ரயில் பிடித்து வருவாள். பல வருடங்களுக்கு முன்பு அவள் கணவர் வேலை செய்த ரெஸ்டோரன்ட் சமையலறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து சாம்பல், பழுப்பு, வெளிர் நீலம் என்று மங்கிய நிறங்களையே உடுத்துவாள். அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது போல என்று நானும் நினைத்திருந்தேன்.

"இஞ்சை பாருங்கோ அக்கா," என்று அவள் காட்டினாள். அந்தப் பெண்ணின் சட்டைச் சிவப்புக் கோட்டைத் தாண்டி வழிந்து, கணவனின் கறுப்புச் சட்டைக் கையிலும் பட்டிருந்தது. "சிவப்புப் போட்டவ சரியான அவசரக்காரி."

பத்ரோன் விளக்கினார். அந்தக் காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து படங்களுக்கு நிறம் தீட்டுவார்களாம். ஒருத்தி எல்லாத் தாளிலும் சிவப்பை மட்டும் போட்டு அடுத்தவளிடம் தள்ள, அவள் நீலத்தைப் போடுவாளாம். எங்களில் ஒருத்தி கழுத்துத் தைக்க மற்றவள் கை பொருத்துவது மாதிரித்தான். பெயர் தெரியாத அந்த அவசரக்காரியை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் தீட்டியிருப்பாள், பாவம்.

மதாம் கொர்னேலியா சிரித்தார். "படத்திலேயே அதுதான் மிக நல்ல இடம் என்று என் கணவர் சொல்வார்," என்றார். கணவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். வசந்தத்துக்குள் எழும்பிவிடுவார் என்று மதாம் நம்பினார்.

சட்டைக்கான துணியையும் அவரே கொண்டு வந்திருந்தார். தாயின் பெட்டியில் இருந்த சிவப்புக் கம்பளித் துணி, இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாதது. துணி மட்டுமட்டாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு ஒரு மூலையில் உள்ளங்கை அளவு வெட்டப்பட்டிருந்தது. மதாம் படி இறங்கிய பிறகு செல்வராணி அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "புதுத் துணியைக் கொண்டு வாறதுக்கு முதல் ஆரும் மூலையை வெட்டுவினமே? இதை எப்பிடிச் சுழட்டிப் போட்டு வெட்டுறது?"

படத்தை விளங்கிக்கொள்வதற்காக அதே வரிசையில் வந்த மற்றப் படங்களின் பிரதிகளையும் பத்ரோன் எங்கேயோ தேடிப் பிடித்துத் தந்தார். மீன் விற்கிறவள், பால் சுமக்கிறவள், கோயிலுக்குப் போகிற மணப்பெண், நாட்டுப்புறத்துக் கிழவர்கள் என்று ஒரு கட்டு. தேநீர் நேரத்தில் அவற்றைப் புரட்டுவதே எங்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. அந்த ஊர்களில் தொப்பியைப் பார்த்து எந்தத் தீவு என்று சொல்லலாம். கழுத்துத் துண்டை மடித்த விதத்தில் கத்தோலிக்கமா புரட்டஸ்தாந்தா என்று தெரிந்துவிடும். கலியாணம் ஆனவளா, ஆகாதவளா, யாரையாவது இழந்தவளா என்பதெல்லாம் உடுப்பிலேயே இருக்கிறது. "எங்கடை சனம் மாதிரித்தான்," என்றாள் சுகந்தி. "கோயில் வாசல்லை ஒருத்தியின்ரை சீலையைப் பாத்தே முழுச் சரித்திரமும் சொல்லுவினம்." அந்தக் கட்டுக்குள் ஒரு படம் துக்கம் காக்கிற பெண்ணுடையது. தலையிலிருந்து கறுப்புப் போர்வை, உள்ளே மங்கிய சாம்பல் நீலச் சட்டை, சரிகையில்லாத தொப்பி.

செல்வராணி துணியில் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன்னமே தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன். கணவர் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்று மதாம் சொன்னார். குரல் நடுங்கவில்லை. "வேலையை நிறுத்த வேண்டாம், மதாம் றீற்றா. போட்டுப் பார்ப்பதற்குக் குறித்த நாளிலேயே வருகிறேன்." நான் அனுதாபம் சொன்னேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

பத்ரோன் ஒரு நாடக வேலையாக வெளியூர் போயிருந்தார். நாங்கள் தேத்தண்ணியோடு உட்கார்ந்தோம்.

"சிவப்பையோ தைக்கிறது?" என்று சுகந்தி மெல்லக் கேட்டாள்.

செல்வராணி படக் கட்டிலிருந்து அந்தத் துக்கப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "அவையின்ரை ஊரிலையும் முறை இருக்குதுதானே. அந்த மனுசி வெக்கத்திலை சொல்லாது. செத்த வீடு முடிஞ்ச கையோடை 'எனக்குச் சிவப்பு வேண்டாம், நிறத்தை மாத்துங்கோ' எண்டு வாயாலை எப்பிடிச் சொல்லும்? நாங்கள்தான் விளங்கிக்கொள்ள வேணும்."

அவள் சொன்னால் யார் மறுப்பது? எங்களில் அதைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. மனம் இளகிப்போய்த்தான் தலையாட்டினேன். களஞ்சியத்தில் இருந்த சாம்பல் நீலக் கம்பளியை எடுத்து அவள் வெட்டினாள். பிள்ளைகளே, அவள் அந்தச் சட்டையைத் தைத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெஷினைத் தொடவில்லை, முழுக்கக் கைத்தையல். தன் சொந்தச் சகோதரிக்குத் தைப்பதுபோலத் தைத்தாள். சிவப்புத் துணியைப் பூச்சி உருண்டை போட்டு மடித்து அலுமாரியில் வைத்தாள்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. மதாம் வியாழக்கிழமை வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்புக் காலுறை. சுகந்தி எனக்குக் கண்ணைக் காட்டினாள்: பார்த்தீர்களா, நாங்கள் செய்தது சரிதான். செல்வராணி அவருடைய கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, சட்டையைப் போட்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பிறகு தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

நான் சட்டையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். மதாமின் கண் ஒரு கையைப் பார்த்தது, மற்றக் கையைப் பார்த்தது, பிறகு தையல் மேசைப் பக்கம் போய் எதையோ தேடியது.

"மிக அழகாகத் தைத்திருக்கிறீர்கள்," என்றார். "மிக மிக அழகு. நன்றி." சொல்லிக்கொண்டே கொக்கியைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அவரும் சட்டையைக் கொண்டு போயிருப்பார், நாங்களும் நல்ல காரியம் செய்தோம் என்று சந்தோசமாக இருந்திருப்போம். ஆனால் அந்தக் கண் எனக்குப் பிடிபட்டுவிட்டது. "மதாம், இது உங்களுக்குப் பிடிக்கவில்லை," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. தவறு செய்தவர் அவர்தான் என்பதுபோலக் கேட்டார்: "நான் மூலையை வெட்டிவிட்டேன். அதனால் சிவப்புப் போதவில்லை, அப்படித்தானே? குற்றம் என்னுடையதுதான்."

யோசித்துப் பாருங்கள். பொய்யை அவரே கொண்டு வந்து எங்கள் கையில் தருகிறார். "ஓம், மதாம், போதவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருவருக்கும் மனக்கசப்பு இல்லை. சுகந்தி அவருக்குப் பின்னால் நின்று 'சொல்லுங்கோ, சொல்லுங்கோ' என்று எனக்குத் தலையாட்டுகிறாள். என் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஒரு கைம்பெண்ணின் முகத்துக்கு நேரே 'நீங்கள் சிவப்பு உடுக்கக் கூடாது என்று நாங்கள் முடிவு செய்தோம்' என்று சொல்ல வேண்டும்.

செல்வராணிதான் பேசினாள். அவளுடைய பிரெஞ்சு உடைந்த பிரெஞ்சு; அன்று அது இன்னும் உடைந்து வந்தது. "துணியால் இல்லை, மதாம். நான்தான் வெட்டவில்லை. உங்கள் கணவர் போய்விட்டார். நீங்கள் கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்று நினைத்தேன். என்னுடைய கணவரும் போய்விட்டார்."

மதாம் அவளைப் பார்த்தார். பிறகு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"துக்கத்துக்கு எப்படி உடுப்பது என்று எனக்குத் தெரியும்," என்றார். "என் தாய் உடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். வீட்டில் நானும் கறுப்புத்தான் உடுக்கிறேன், இன்னும் உடுப்பேன். ஆனால் அந்த மூலையை ஏன் வெட்டினேன் தெரியுமா? படத்தில் அவளுடைய சிவப்பு அவன் கையில் பட்டிருக்கிறதல்லவா. கலியாணம் கட்டிய புதிதில் அதைப் பார்த்துவிட்டு, என் கணவர் தன் ஆட்டச் சட்டையின் கையிலும் ஒரு சிவப்புத் துண்டு தைக்கச் சொன்னார். குழுவில் இருக்கிற இளையவர்கள் அதைப் பழைய வழக்கம் என்றே நினைத்திருக்கிறார்கள். இந்த வருடம் புதுத் துணியில் எனக்குச் சட்டை, அதே துணியில் அவருக்குத் துண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தேன். அந்தச் சட்டையோடுதான் அவரை அடக்கம் செய்தோம். அவர் தன் பங்கைக் கொண்டு போய்விட்டார். என்னுடைய பங்கை உடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். துணி போதவில்லை என்று அந்த மூலையின் மேல் பழியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அவர் வாழ்நாள் முழுக்க அந்தத் துண்டை வெட்டியதற்காகத் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

செல்வராணி அழவில்லை. அலுமாரியைத் திறந்து சிவப்பை எடுத்து மேசையில் விரித்தாள். வடிவத் தாள்களை அப்படி வைத்தாள், இப்படி வைத்தாள், சுழற்றி வைத்தாள். என்ன செய்தாலும் ஒரு கையில் உள்ளங்கை அளவு குறைந்தது. "விளிம்பிலை மிஞ்சிற சின்னத் துண்டுகளைப் பொருத்தலாம் அக்கா. இழை பாத்துத் தைச்சால் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லுங்கோ," என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

மதாம் எழுந்து வந்து அந்த இடத்தைக் கையால் தடவினார். "தெரியட்டும்," என்றார். பிறகு தான் கழற்றி வைத்த சாம்பல் நீலச் சட்டையைக் காட்டினார். "இதிலிருந்து ஒரு துண்டு வைக்க முடியுமா? அவர் பக்கத்துக் கையில். நீங்கள் தைத்ததும் என்னோடு வரட்டும்."

அத்தனை நாள் கையால் தைத்த சட்டை அது. செல்வராணி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அதன் முதுகிலேயே வெட்டினாள்.

அன்று பின்னேரம் நானும் செல்வராணியும் பேருந்தில் வந்தோம். அவள் ரயில் பிடிக்க கார் து நோர் நிலையத்துக்குப் போக வேண்டும், நான் லா சப்பலில் இறங்க வேண்டும். வெளியே பார்த்துக்கொண்டே திடீரென்று சொன்னாள்: "அக்கா, என்ரை மனுசன்ரை முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச பிறகு நான் ரூ பெர்தொனேக்குச் சீலை எடுக்கப் போனனான். கடைக்காரத் தம்பிக்கு எங்கடை விசயம் தெரியும். நான் வாய் துறக்கமுதல் சாம்பலும் பழுப்புமா எடுத்து விரிச்சுப்போட்டான். நல்ல பெடியன். மரியாதையாத்தான் செய்தவன். நானும் ஒண்டும் கதைக்கேல்லை, அதிலை ஒண்டை எடுத்துக்கொண்டு வந்திட்டன். இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "நானும் அந்த மனுசிக்கு அதைத்தானே செய்தன்."

அவள் மங்கிய நிறம் உடுப்பது அவளுடைய விருப்பம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளைகளே, நாங்கள் உடுப்புத் தைக்கிறவர்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மற்றவர்களின் தோளையும் இடுப்பையும் தொடுகிறவர்கள். அப்படிக் கிட்டப் போகும்போது அவர்களின் மனதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும். படத்தைப் பார்த்து உடுப்பை விளங்கிக்கொள்ளலாம். அந்த உடுப்புக்குள் நிற்கிற ஆளிடம் கேட்கத்தான் வேண்டும். "மதாம், உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று நான் அந்தத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதால் மரியாதை குறைந்துவிடாது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கச் செல்வராணியையும் இழுத்துக்கொண்டு போனேன். கொண்டாட்டம் என்றால் அவள் பின்வாங்குகிறவள். "நீ தைச்ச சட்டை எப்பிடி நிக்குது எண்டு பாக்க வேண்டாமோ?" என்று கேட்டுத்தான் மடக்கினேன். புறநகரில் ஒரு சாதாரண மண்டபம். அக்கோர்டியன் வாசித்தார்கள். முன்வரிசையில் மதாம் கொர்னேலியா சிவப்புச் சட்டையோடு நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விட்டுத்தான் மற்றவர்கள் நின்றார்கள். சோடிகள் கைகோர்க்கிற கட்டம் வந்தபோது அவரும் முழங்கையை மடித்து அந்த வெற்றிடத்துக்கு நீட்டினார். சாம்பல் நீலத் துண்டு அந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தது. நான் கைக்குட்டையைத் தேடினேன்.

செல்வராணி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "கைக்குழி வடிவா நிக்குது அக்கா," என்றாள்.

ஆட்டம் முடிந்ததும் மதாம் நேரே எங்களிடம் வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது கார் து நோரில் அவள் தன் ரயிலுக்குப் போகவில்லை. என்னோடு வெளியே வந்து, "அக்கா, ஒருக்கா ரூ பெர்தொனேக்குப் போட்டு வருவமே?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொத்து ரொட்டிச் சத்தத்தையும் நகைக்கடைக்கு வந்த சனத்தையும் தாண்டி அந்தச் சேலைக்கடைக்குள் போனோம். அதே கடைக்காரர்தான். இப்போது காதோரம் நரைத்திருக்கிறது.

"வாங்கோ அக்கா, இருங்கோ," என்றார். எங்களை உட்கார வைத்துவிட்டு, கேட்காமலே, கைப்பழக்கத்தில் தட்டிலிருந்து சாம்பலும் பழுப்பும் வெளிர் நீலமுமாக எடுத்து விரித்தார்.

செல்வராணி அவற்றைப் பார்த்தாள். "தம்பி, எல்லாத்தையும் விரியுங்கோ," என்றாள்.

"எல்லாத்தையும் எண்டால், அக்கா?"

"எல்லா நிறத்தையும்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. 'சிவப்பை எடுத்துக் காட்டுங்கோ' என்று சொல்லவே வந்தது. ஆனாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

கடைக்காரர் விரித்தார். மாம்பழ மஞ்சள், இலைப் பச்சை, அரக்கு, குங்குமச் சிவப்பு, மயில் நீலம். மேசை நிறைந்து, நாங்கள் இருந்த கதிரைகளின் கைப்பிடி மேலும் வழிந்தன. அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள், கரையைத் திருப்பிப் பார்த்தாள், குங்குமச் சிவப்பைத் தோளில் போட்டுக் கண்ணாடியிலும் பார்த்தாள். ஒன்றுக்கும் அவசரப்படவில்லை. கடைசியில் முதலில் விரித்தவற்றுக்கே திரும்பி, வெள்ளைக் கரை வைத்த ஒரு வெளிர் நீலச் சேலையை எடுத்தாள்.

தெருவுக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "இதுக்கோடி அந்த மனுசனைக் கடை முழுக்க விரிக்க வைச்சனீ? வீட்டிலை இதே நிறத்திலை எத்தினை வைச்சிருக்கிறாய்!"

செல்வராணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். "அதெல்லாம் அவையள் தந்தது அக்கா," என்றாள். "இது நான் எடுத்தது."